உடற்பிடித் தொழிலுக்கு உரிய கருவிகளும் துணைவளங்களும்

கெடா மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் உடல் பிடித்துவிடும் கைப்பழக்கம் புதியதன்று. விடியுமுன் பிரட்டுக்குச் சென்று, தலைவிளக்கின் ஒளியில் நிரையிலுள்ள மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி, வாளியிற் பாலைச் சுமந்து ஸ்டோரில் ஒப்படைக்கும் தொழிலாளரின் தோளும் இடுப்பும் முழங்காலும் நோவெடுப்பது அன்றாட நிகழ்ச்சியாகும். அந்நோவைத் தணிக்கும் கைராசி உள்ள ஓர் அம்மையாரோ பெரியவரோ ஏறக்குறைய ஒவ்வொரு லயத்திலும் இருந்தனர். மகப்பேறு முடிந்த தாய்க்கு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் வார்த்து, இடுப்பைப் பிடித்துவிட்டவர்களும் அவர்களே. அவர்கள் பெற்ற கூலி பெரும்பாலும் வெற்றிலை பாக்கும் நன்றியுமேயாம்.

இன்று நிலைமை மாறியுள்ளது. பீடோங்கை அடுத்த ஹார்வார்ட், கூலிம் வட்டாரத்து டப்ளின், பாடாங் செராய் வட்டாரத்து விக்டோரியா ஆகிய தோட்டங்களின் பெயரை அறியாதார் கெடாவில் இலர். அத்தகைய தோட்டங்களைச் சுற்றி நகரங்கள் வளர்ந்துவிட்டன. சுங்கைப்பட்டாணியிலும் லூனாசிலும் குடியிருப்புகள் பெருகியுள்ளன. 1996ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில் பலர் இரவு பகலாக முறைவைத்து வேலை செய்கின்றனர். கட்டணம் கொடுத்து உடற்பிடி பெற விரும்புவோர் இவர்களிடையே உளர்.

தோட்ட வீடு வேலையோடு வந்தது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைத்தல் வேண்டும். ஆனால் கையிலுள்ள தொழிலை எவரும் திருப்பிக் கேட்க இயலாது. ஆகவே, பால் வெட்டும் குடும்பங்களில் உடற்பிடித் தொழிலைப் பகுதிநேர வருவாயாகவோ ஓய்வுக்காலப் பிழைப்பாகவோ கொள்ள எண்ணுவோர், எதை வாங்குவது, எதைத் தள்ளிவைப்பது, எந்த அலுவலகத்தை நாடுவது என்பவற்றை முன்னரே அறிந்திருத்தல் நலம். வாடிக்கையாளர் எத்தனைபேர் வருவர் என்று கணக்கிடாமல், சேமநிதிப் பணத்தைக் கட்டிலிலும் கடை வாடகையிலும் முடக்குவோர் பின்னர் மீள்வது கடினம். விரலுக்குத் தகுந்த வீக்கமே வேண்டும்.

பழைய கலையும் இன்றைய சட்டமும்

நம் சித்த மருத்துவம் உடற்பிடியைத் தொக்கணம் என வழங்கும். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என அதனை ஒன்பது வகையாகப் பிரிப்பர். மலாய்க்காரரிடையே ஊருட் என்னும் முறையும், மகப்பேற்றுக்குப் பின் சூடேற்றிய கல்லைத் துணியிற் சுற்றி ஒத்தடமிடும் துங்கு முறையும், வயிற்றைத் துணியாற் கட்டும் பெங்கோங் முறையும் வழங்குகின்றன. ஒரே தோட்டத்தில் வாழ்ந்த இவ்விரு சமூகத்துப் பெண்களும் ஒருவர் முறையை ஒருவர் அறிந்திருந்தனர்.

அரசாங்கமும் இக்கலையை மதித்து ஏற்றுள்ளது. 2007ஆம் ஆண்டில், கெடா எல்லையை அடுத்துள்ள கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில் பாரம்பரிய மருத்துவப் பிரிவு தொடங்கப்பெற்றது. நாட்டின் அரசாங்க மருத்துவமனைகளுள் அத்தகைய பிரிவு முதன்முதலில் அமைந்தது அங்கேதான். நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்திற்குப் பிந்திய நிலைக்கும் அங்கே உடற்பிடி அளிக்கப்பட்டது.

2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டம் (சட்டம் 775) இத்துறையை ஒழுங்குபடுத்துகின்றது. பாரம்பரிய மலாய் மருத்துவம், சீன மருத்துவம், இந்திய மருத்துவம் முதலிய துறைகளில் நோய்க்குச் சிகிச்சை அளிப்போர் அச்சட்டத்தின்கீழ் பதிவு பெறுதல் வேண்டும். களைப்பு நீங்க உடல் பிடித்துவிடுவது வேறு. நோயைத் தீர்ப்பதாகச் சொல்லிப் பிடிப்பது வேறு. தாம் செய்யவிருப்பது எவ்வகை என்பதைத் தொழில் தொடங்குமுன் சுகாதார அமைச்சின் பாரம்பரிய, துணை மருத்துவப் பிரிவிடம் கேட்டுத் தெளிதல் வேண்டும்.

முதற்கருவி: சொந்த உடல்

இத்தொழிலின் முதற்கருவி தொழிலாளியின் சொந்தக் கைகளே. பால் வெட்டுபவருக்கு இதில் தனி எச்சரிக்கை தேவை. காலையில் நூற்றுக்கணக்கான மரங்களில் உளியை இழுத்த மணிக்கட்டும் தோளும் மாலையில் மீண்டும் உழைக்க வேண்டியிருக்கின்றது. உடற்பிடித் தொழிலில் பெருவிரலும் மணிக்கட்டுமே முதலிற் பழுதடைகின்றன. பெருவிரலை மட்டும் நம்பி அழுத்துவோர் சில ஆண்டுகளிலேயே விரலை மடக்க இயலாமல் தொழிலைக் கைவிட நேரும்.

இதைத் தவிர்க்க மூன்று வழிகள் உள்ளன. ஒன்று, ஆழமாக அழுத்த வேண்டிய இடத்தில் முன்கையையும் மடித்த விரல் முட்டிகளையும் பயன்படுத்துதல். இரண்டு, கை பலத்தால் அழுத்தாமல், கால்களை முன்பின்னாக ஊன்றி உடலின் எடையைச் சாய்த்து அழுத்துதல். மூன்று, மரம் வெட்டிய நாளில் இருவர் அல்லது மூவருக்கு மேல் ஏற்காதிருத்தல். நகத்தை ஒட்ட வெட்டுதலும், மோதிரமும் வளையலும் கழற்றுதலும் செலவில்லாத முன்னேற்பாடுகள்.

படுக்கையைத் தேர்ந்தெடுத்தல்

வாங்கவேண்டிய பொருள்களுள் விலைமிக்கது படுக்கை. தொடக்கத்தில் தடித்த மெத்தையும் பாயும் போதுமானவை. ஆனால் தரையில் மண்டியிட்டு நெடுநேரம் வேலை செய்வது முழங்காலுக்கும் இடுப்புக்கும் கேடு. மாதந்தோறும் நிலையாக வாடிக்கையாளர் வரத் தொடங்கியபின் உயரமான படுக்கையை வாங்குவதே முறை.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. உயரம். நிமிர்ந்து நின்று, கைகளைத் தொங்கவிட்டு, விரல்களை மடக்கினால் முட்டி படுக்கையின் மேற்பரப்பைத் தொடுதல் வேண்டும். அதற்கு மேல் உயரமானால் தோள் நோவும். மிகத் தாழ்ந்தால் முதுகு வளையும். கணவனும் மனைவியும் மாறிமாறித் தொழில் செய்வதானால், கால்களை ஏற்றி இறக்கக்கூடிய படுக்கையே ஏற்றது.

2. தாங்கும் எடை. விற்பவர் கூறும் எடை எத்தகையது எனக் கேட்க வேண்டும். அசையாமல் கிடக்கும் பாரத்தைத் தாங்குவது ஒன்று; ஒருவர் படுத்திருக்க மற்றொருவர் சாய்ந்து அழுத்தும்போது தாங்குவது மற்றொன்று. பின்னதே நமக்குத் தேவை.

3. சுமக்கும் வசதி. மோட்டார்சைக்கிளில் வீடுவீடாகச் செல்பவருக்கு மடிப்புக் கட்டில் பெருஞ்சுமை. அவருக்குச் சுருட்டக்கூடிய மெத்தையே ஏற்றது. கார் உள்ளவர் மடிப்புக் கட்டிலை எடுத்துச் செல்லலாம்.

4. மேலுறை. இங்கே நம் ரப்பர்த் தொழில் அறிவு துணைசெய்யும். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊறிப் பருத்து வலுவிழக்கும். ஆகவே ரப்பர் விரிப்பைப் படுக்கைமீது இடுதல் வீண்செலவு. எண்ணெய் ஊறாத வினைல் உறையே நீடித்து உழைக்கும். சவர்க்கார நீரால் துடைப்பதும் எளிது.

இதே காரணத்தால் கையுறையிலும் கவனம் வேண்டும். விரலில் வெடிப்போ காயமோ உள்ள நாளில் கையுறை அணிய நேரலாம். நம் தோட்டத்துப் பாலில் உருவாகும் கையுறையே ஆயினும், எண்ணெயோடு சேர்ந்தால் அது விரைவிற் கிழியும். சிலருக்கு இயற்கை ரப்பர் ஒவ்வாமையையும் உண்டாக்கும். எண்ணெய் வேலைக்கு நைட்ரைல் கையுறையே பொருத்தமானது.

எண்ணெயும் தைலமும்

நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நம்மவருக்குப் பழக்கமானவை. நல்லெண்ணெய் தடித்தது, நெடுநேரம் வழுக்கும், ஆனால் அதன் வாசனை துணியை விட்டு எளிதில் நீங்காது. தேங்காயெண்ணெய் இலேசானது, குளிர்சாதன அறையில் உறையக்கூடும். பெரிய தகர டின் மலிவாகத் தோன்றினும், திறந்து வைத்த எண்ணெய் நம் வெப்பநாட்டில் நாளடைவிற் சிக்குவாடை அடிக்கும். தொடங்குவோர் ஒரு லிட்டர் அளவிலேயே வாங்கி, நிழலில் இறுக மூடிவைத்து, திறந்த தேதியைப் புட்டியின்மேல் எழுதுதல் நன்று.

புதியவருக்குத் தேய்க்குமுன், முன்கையின் உட்புறத்தில் சிறிது தடவிப் பார்க்க வேண்டும். சிவத்தலோ அரிப்போ தோன்றினால் அவ்வெண்ணெயை நீக்குக. கொட்டை வகைகளால் ஒவ்வாமை உண்டாவோரிடம் கடலை, பாதாம் எண்ணெய்களைப் பயன்படுத்தலாகாது.

மருந்துத் தைலம் வாங்குவோர் புட்டியில் மால் என்னும் எழுத்துகளோடு கூடிய பதிவு எண் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். நோயைக் குணப்படுத்துவதாகக் கூறி விற்கப்படும் பாரம்பரிய மருந்துகள் அரசாங்கத்தில் பதிவு செய்யப்பட்டிருத்தல் வேண்டும். வீட்டிற் காய்ச்சிய தைலத்தை மருந்தெனச் சீட்டு ஒட்டி விற்பது குற்றமாகும்.

துணியும் தூய்மையும்

ஒருவருக்குப் பயன்படுத்திய துணியை அடுத்தவருக்கு விரித்தலாகாது. படர்தாமரை, சொறி முதலிய தோல்நோய்கள் துணி வழியாகவும் பரவக்கூடும். ஒருவருக்கு விரிப்பு ஒன்றும் துவாலை இரண்டும் தேவை. நாளுக்கு மூவர் வருவதாகக் கொண்டால் ஒன்பது துணிகள் வேண்டும். மழைக்காலத்தில் துணி உலர மூன்று நாள் ஆகலாம் என்பதால் இருபத்தேழு துணிகள் இருப்பில் இருத்தல் பாதுகாப்பு. கெடாவில் ஆண்டின் தொடக்க மாதங்கள் வறண்டிருப்பினும், செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை மிகும். எனவே படுக்கையை வாங்குமுன் துணியை வாங்குக.

எண்ணெய்த் துணியைக் குறித்து ஓர் எச்சரிக்கை. எண்ணெய் முழுதும் போகாத துணியை உலர்த்தும் இயந்திரத்தில் இட்டு, சூடு ஆறுமுன் மடித்துக் குவித்து வைத்தால், அது உள்ளுக்குள்ளே சூடேறித் தானாகத் தீப்பற்றக்கூடும். வெந்நீரிலும் சோப்புத்தூளிலும் நன்கு அலசி, வெயிலில் உலர்த்துவதே நல்லது. இயந்திரத்தில் உலர்த்த நேரிட்டால், விரித்து ஆறவிட்ட பின்னரே மடிக்க வேண்டும்.

ஒத்தடக் கருவிகள்

உப்பு முடிச்சு, சூடேற்றிய கல், வெந்நீர்ப் பை ஆகிய மூன்றும் மலிவானவை. பெரும்பாலான வேலைக்கு இவை போதும். சூட்டைத் தம் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தபின்னரே பிறர் உடலில் வைத்தல் வேண்டும். நீரிழிவால் கால் மரத்துப் போனவருக்கு ஒத்தடம் இடவே கூடாது. சுடுவதை அவர் உணரமாட்டார். கொப்புளம் புண்ணாகிக் காலையே இழக்க நேரலாம். மின்சாரக் கருவி வாங்குவோர் சிரிம் முத்திரை உள்ளதையே தேர்ந்தெடுத்தல் வேண்டும்.

பதிவேடு: இன்றியமையாத கருவி

ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் சில வெள்ளிக்குக் கிடைக்கும். ஆயினும் விலைமிக்க கட்டிலைவிட அது பயனுள்ளது. தேதி, பெயர், வயது, எங்கே வலி, எப்பொழுது தொடங்கியது, என்ன மருந்து உட்கொள்கிறார், பெண்ணாயின் கருவுற்றிருக்கிறாரா என்பவற்றை ஒவ்வொருவரிடமும் கேட்டு எழுத வேண்டும். எழுதியதைப் பிறர் அறியாமற் காப்பது கடமை.

இவ்வாறு கேட்பதன் நோக்கம், தொடக்கூடாதவர் யார் என அறிவதேயாகும். கீழ்க்கண்டவர்களைப் பிடித்துவிடாமல் மருத்துவரிடம் அனுப்புதல் வேண்டும்:

காய்ச்சல் உள்ளவர். தோட்டப்புறத்தில் டெங்கியும் எலிக்காய்ச்சலும் உடல்வலியோடுதான் தொடங்குகின்றன. “உடம்பெல்லாம் வலி, பிடித்துவிடுங்கள்” என்று வருபவரின் நெற்றியை முதலில் தொட்டுப் பார்த்தல் வேண்டும்.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலிப்பவர். இரத்தக் குழாயில் கட்டி உறைந்திருக்கலாம். அதைப் பிடித்துவிட்டால் அக்கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்து உயிருக்கே ஆபத்தாகும்.

விழுந்து அடிபட்டு எலும்பு முறிந்திருக்கலாம் என ஐயுறப்படுபவர். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை உட்கொள்பவர். திறந்த புண் உள்ளவர். அறுவை செய்து குழந்தை பெற்று, மருத்துவர் இன்னும் அனுமதி தராத தாய்.

திடீரென முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சுக் குழறுபவர். இவருக்கு எண்ணெய் தேய்த்துக் காலம் கடத்தலாகாது. உடனே 999 எண்ணை அழைத்து, சுங்கைப்பட்டாணி சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை, அலோர்ஸ்டார் சுல்தானா பாஹியா மருத்துவமனை, கூலிம் மருத்துவமனை போன்ற அருகிலுள்ள மருத்துவமனைக்குச் சேர்ப்பித்தல் வேண்டும்.

ஒருவரைத் திருப்பி அனுப்புவதால் அன்றைய கூலி போகலாம். ஆனால் “அந்த அம்மா சொன்னதால்தான் பிழைத்தேன்” என்னும் சொல் பத்து வாடிக்கையாளரைக் கொண்டுவரும்.

வரவு செலவுக் கணக்கு

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. விளக்கத்திற்காக ஒரு கணக்கைக் காண்போம். ஒருமுறை உடற்பிடிக்கு 50 வெள்ளி கட்டணம் எனக் கொள்வோம். ஒரு லிட்டர் எண்ணெய் 30 வெள்ளி. ஒருவருக்கு 30 மில்லிலிட்டர் செலவாகும். ஆக எண்ணெய்ச் செலவு 90 காசு. துணி வெளுக்க 2 வெள்ளி 10 காசு. வாடிக்கையாளர் வீட்டிற்குச் சென்றுவரப் பெட்ரோல் 4 வெள்ளி. கருவித் தேய்மானத்திற்கு 1 வெள்ளி. மொத்தச் செலவு 8 வெள்ளி; மிச்சம் 42 வெள்ளி. மாதம் இருபது பேர் எனில் 840 வெள்ளி கையில் நிற்கும்.

இப்பொழுது நகரத்தில் கடை எடுத்தால் என்னாகும்? பெட்ரோல் செலவு இல்லை. ஒருவரிடம் 46 வெள்ளி மிஞ்சும். வாடகை, மின்சாரம், நீர் ஆகியவை மாதம் 1,000 வெள்ளி எனில், 22 பேர் வந்தால்தான் அச்செலவே அடையும். அதே இருபது பேர் மட்டும் வந்தால், 80 வெள்ளி நட்டம். உழைப்பு அதே உழைப்பு. உள்ளூரில் 840 வெள்ளி ஈட்டியவர் நகரத்தில் கடனாளி ஆவார். ஆகவே மாதம் நாற்பது பேர் நிலையாக வரும்வரை கடை என்னும் எண்ணத்தை ஒத்திவைத்தலே அறிவுடைமை. ஒவ்வொருவரும் தத்தம் ஊர் விலையை இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்த்தல் வேண்டும். வரவு செலவுச் சீட்டுகளை வருமான வரிச் சட்டத்தின்படி ஏழாண்டுகள் பாதுகாத்தல் வேண்டும்.

நாடவேண்டிய அலுவலகங்கள்

பதிவு: தொழில் தொடங்கிய 30 நாள்களுக்குள் மலேசிய நிறுவன ஆணையத்தில் பதிவு செய்தல் வேண்டும். இது 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின் விதி. அடையாள அட்டையிலுள்ள சொந்தப் பெயரிலேயே தொழில் நடத்தினால் ஆண்டுக்கு 30 வெள்ளியும், வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளியும் கட்டணமாகும்.

உரிமம்: சுங்கைப்பட்டாணி, கூலிம் நகராண்மைக் கழகங்கள், அலோர்ஸ்டார் மாநகர் மன்றம் போன்ற உள்ளாட்சி மன்றத்திடம் வணிக உரிமம் பெற வேண்டும். தோட்ட வீட்டில் நடத்தலாமா, ஆண்களுக்கு ஆண்களும் பெண்களுக்குப் பெண்களும் மட்டுமே பணிசெய்ய வேண்டுமா, அறைக்கதவு எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பவற்றைக் கேட்டறிந்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும். தோட்ட நிர்வாகத்தின் எழுத்து அனுமதியும் அவசியம்.

பயிற்சி: மனிதவள அமைச்சின் திறன் மேம்பாட்டுத் துறை மலேசியத் திறன் சான்றிதழை வழங்குகின்றது. பள்ளிப் படிப்புக் குறைந்தவர் தயங்க வேண்டியதில்லை. பல்லாண்டு அனுபவமுள்ளோர் தம் திறனுக்குச் சான்று காட்டிச் சான்றிதழ் பெற, முன்னனுபவ ஏற்பு முறை என்னும் வழியும் உண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் கண்பார்வையற்ற தோழர்கள் பலர் முறையான பயிற்சி பெற்று உடற்பிடித் தொழிலால் தம் காலில் நிற்பது நமக்கு நல்ல எடுத்துக்காட்டு. கற்ற கையே அவர்தம் மூலதனம்.

கடன்: தெக்குன் நேஷனல் நிறுவனத்தில் இந்தியச் சமூகத் தொழில்முனைவோருக்கென ஸ்பூமி என்னும் திட்டம் உள்ளது. 1987ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற அமானா இக்தியார், வருமானம் குறைந்த குடும்பப் பெண்களுக்குச் சிறு கடன் வழங்குகின்றது. கடன் எளிதாகக் கிடைக்கின்றது என்பதற்காக வாங்கலாகாது. மேற்சொன்ன கணக்கில் மிஞ்சும் தொகையால் தவணையைக் கட்ட இயலுமா எனப் பார்த்தே வாங்க வேண்டும். வட்டிமுதலைகளிடம் செல்வதைவிடத் துண்டும் எண்ணெயுமாகத் தொழிலைத் தொடங்குவது மேல்.

பாதுகாப்பு: தோட்ட வேலையில் இருக்கும்வரை சொக்சோவும் சேமநிதியும் உண்டு. சுயதொழிலில் அவை தாமாக வாரா. 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் சொக்சோவில் சந்தா செலுத்தினால், வேலையின்போது நேரும் விபத்துக்கு உதவி கிடைக்கும். சேமநிதி வாரியத்தின் ஐ-சாரான் திட்டத்தில் தாமே சேமிப்போருக்கு, விதிகளுக்கு உட்பட்டு அரசாங்கமும் ஊக்கத்தொகை சேர்க்கின்றது.

விளம்பரத்தில் அடக்கம்

கைப்பேசியில் படம் போட்டு வாடிக்கையாளரைத் தேடுவோர் 1956ஆம் ஆண்டின் மருந்து விளம்பர, விற்பனைச் சட்டத்தை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். நீரிழிவு, புற்றுநோய், பக்கவாதம் முதலியவற்றைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதை அச்சட்டம் தடுக்கின்றது. “உடல் களைப்புக்கு எண்ணெய் உடற்பிடி, பெண்களுக்கு மட்டும், முன்பதிவு தேவை” என்று எழுதினால் போதும். கட்டணத்தையும் தெளிவாகக் குறிப்பிட்டால் வீண் பேச்சுக்கு இடமிராது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

வாங்கும் வரிசை இதுவாக இருக்கட்டும்: முதலில் பதிவேடு, அடுத்துத் துணிகள், பிறகு எண்ணெயும் ஒத்தடப் பையும், அதன்பின் மெத்தை. மாதக் கணக்கு ஆறு மாதங்கள் தொடர்ந்து மிச்சம் காட்டினால் கட்டில் வாங்கலாம். கடையைப் பற்றி அதற்கப்பால் எண்ணலாம். ஒவ்வொரு பொருளும் அதற்கு முன் வாங்கிய பொருள் ஈட்டிய பணத்திலேயே வருமாறு பார்த்துக்கொண்டால், தொழில் தளர்ந்தாலும் குடும்பம் தளராது.

பால்மரத்தில் பட்டையை ஆழமாக வெட்டினால் இன்று பால் மிகுதியாகக் கிடைக்கலாம். ஆனால் மரம் காயப்பட்டுப் பிற்காலத்தில் பால் தராது என்பதைத் தோட்டத் தொழிலாளருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அளவறிந்து வெட்டும் அக்கைக்கு, அளவறிந்து முதலிடும் கலையும் கைவரும் என்பதில் ஐயமில்லை.